ஊசி போடத் தெரிந்த பின் படிக்கும் படிப்பு

ஆன்லைனில் நர்சிங் பட்டம் என்றதும் வரும் முதல் கேலி இதுதான்: "அப்போ ஊசி போடுறதையும் வீடியோ பார்த்தா கத்துப்பாங்க?" விவரம் தெரியாதவர்கள் மட்டும் இப்படிக் கேட்பதில்லை. அமெரிக்க மருத்துவமனைகளில், நான்கு வருடம் கல்லூரிக்குப் போய்ப் படித்த நர்ஸ்களே, வேலை பார்த்துக்கொண்டு ஆன்லைனில் பட்டம் வாங்கும் சக நர்ஸைப் பற்றி இப்படிப் பேசுவதுண்டு. நம் ஊரில் "கரஸ்ல படிச்சதுதானே" என்று உதட்டைப் பிதுக்குவோமே, அதே தொனி.

கேலி சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆள் மாறிப்போன கேலி.

அமெரிக்காவில் பதிவுபெற்ற நர்ஸ் ஆவதற்கு மூன்று வழிகள்: மருத்துவமனை நடத்தும் டிப்ளமோ, கம்யூனிட்டி காலேஜில் ஏறத்தாழ இரண்டு வருட அசோசியேட் பட்டம், பல்கலைக்கழகத்தில் நான்கு வருட இளநிலைப் பட்டம். எந்த வழியில் வந்தாலும் என்கிளெக்ஸ் என்ற ஒரே தேர்வைத்தான் எழுத வேண்டும். கிடைக்கும் உரிமமும் ஒன்றே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நர்ஸ் பற்றாக்குறை வாட்டியபோது, 1951இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் மில்ட்ரெட் மான்டாக் வகுத்த திட்டம்தான் இரண்டு வருடப் படிப்பு. அந்த வழியில் வந்து, உரிமம் வாங்கி, வார்டில் நிற்பவர்களுக்கானதுதான் ஆன்லைன் இளநிலைப் படிப்பு. சேரும்போதே நர்ஸ் உரிமம் கையில் இருக்க வேண்டும், அல்லது வாங்கும் கட்டத்தில் இருக்க வேண்டும். நரம்பு கிடைக்காத கிழவரின் கையில் ஐ.வி. போட்டுப் பழகியவருக்கு ஊசி போட யாரும் திரையில் சொல்லித் தருவதில்லை.

சரி, வேலைதான் இருக்கிறதே, பட்டம் எதற்கு? இந்தச் சண்டைக்கு வயது அறுபதாகிறது. நர்ஸ் தொழிலுக்கு இளநிலைப் பட்டமே குறைந்தபட்சத் தகுதியாக வேண்டும் என்று அமெரிக்க நர்ஸ்கள் சங்கம் 1965இல் அறிக்கை வெளியிட்டது. 1987இல் வடக்கு டகோட்டா மாநிலம் அதை விதியாக்கிப் பார்த்து, 2003இல் கைவிட்டது. 2020க்குள் 80 சதவீத நர்ஸ்கள் பட்டதாரிகளாக வேண்டும் என்று 2010இல் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் இலக்கு வைத்தது. அந்தக் கெடுவுக்குள் இலக்கு எட்டப்படவில்லை. 2017 டிசம்பரில் நியூயார்க் மாநிலம் சட்டமே போட்டது: புதிதாக வரும் நர்ஸ்கள் உரிமம் பெற்ற பத்து ஆண்டுகளுக்குள் இளநிலைப் பட்டம் பெற வேண்டும்.

இப்படி மேலிருந்து உத்தரவு போட்டால், கீழே இருப்பவர் எப்போது படிப்பார்? இரவு ஏழு மணிக்கு டூட்டி ஏறி, காலை ஏழரைக்கு ஹேண்டோவர் கொடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தூங்கப் போகிறவர் அவர். அடுத்த வாரம் பகல் டூட்டி. செவ்வாய், வியாழன் காலை பத்து மணிக்கு வகுப்பு என்றால் அவருக்கு அது இல்லாத வகுப்பு. வேலையிலிருக்கும் நர்ஸ்களுக்காக அமெரிக்காவில் நடக்கும் இளநிலைப் படிப்புகளில் 600க்கும் மேற்பட்டவை முழுவதுமாகவோ பகுதியாகவோ ஆன்லைனில் நடப்பதற்கு டூட்டி ரோஸ்டர்தான் பெரிய காரணம்.

அந்தப் படிப்பில் என்னதான் இருக்கிறது? சிறுநீர்க் கதீட்டரை எடுத்துக்கொள்ளலாம். அறுவை சிகிச்சைக்கு வந்தவருக்கு டியூப் போடுகிறார்கள். மூன்றாம் நாள் அவர் எழுந்து நடக்கிறார்; டியூப் மட்டும் அப்படியே தொங்குகிறது, எடுக்கச் சொல்லி யாரும் ஆர்டர் எழுதாததால். கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்று வரும் வாய்ப்பு ஏறுகிறது. டியூப் போடவும் எடுக்கவும் கம்யூனிட்டி காலேஜிலேயே கற்றுக்கொடுத்துவிட்டார்கள். இன்னின்ன நிலையில் டாக்டரின் ஆர்டருக்குக் காத்திருக்காமல் நர்ஸே எடுக்கலாம் என்று முன்கூட்டியே நெறிமுறை வகுத்த மருத்துவமனைகளில் தொற்று குறைந்ததா, அந்த ஆய்வுகளை நம்பலாமா, நம் வார்டில் அதைக் கொண்டுவர யாரிடம் எந்தக் கணக்கைக் காட்ட வேண்டும் என்பதெல்லாம்தான் பட்டப்படிப்பின் பாடம். ஆய்வுக் கட்டுரையைப் படிப்பதும், புள்ளிவிவரத்தைப் புரிந்துகொள்வதும், எழுதி வாதாடுவதும் கட்டிலருகே நின்றுதான் பழக வேண்டிய வேலைகள் அல்ல.

சமூக சுகாதாரப் பாடத்தில் வரும் ஒரு வேலை இன்னும் சுவாரஸ்யமானது. ஒரு பேட்டையைக் காரிலோ நடந்தோ சுற்றிவந்து குறிப்பெடுக்க வேண்டும். மருந்துக்கடை எங்கே, காய்கறி கிடைக்கிறதா, பஸ் எத்தனை மணி வரை, முதியவர் நடக்க நடைபாதை உண்டா? டிஸ்சார்ஜ் ஆகி ஒரே மாதத்தில் திரும்பிவரும் சர்க்கரை நோயாளியின் மறுபாதிக் கதை அந்தத் தெருவில் இருக்கிறது. இதை வகுப்பறைக்குள்ளும் செய்ய முடியாது.

பட்டத்தால் நோயாளிக்கு என்ன லாபம் என்பதற்கும் ஆய்வுகள் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லிண்டா எய்க்கன் குழு 168 மருத்துவமனைகளில் 2,30,000க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சை நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டது. பட்டதாரி நர்ஸ்களின் பங்கு 10 சதவீதம் கூடிய இடங்களில், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைவாக இருந்தது. பட்டம்தான் காரணம் என்று இத்தகைய ஆய்வு அடித்துச் சொல்லாது; ஆனால் இதே போக்கைப் பிற நாட்டு ஆய்வுகளும் காட்டின. அது கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டத்துக்குத்தானே பொருந்தும் என்பார்கள். முதலிலேயே நான்கு வருடம் படித்தவர்களையும், வேலையில் சேர்ந்த பின் பட்டம் முடித்தவர்களையும் பிரித்துப் பார்த்த ஆய்வு 2022இல் 'நர்சிங் அவுட்லுக்' இதழில் வந்தது. எந்த வழியில் பட்டம் வந்தது என்பதால் நோயாளிகளின் இறப்பு விகிதத்தில் வேறுபாடு தெரியவில்லை.

"போலிப் பட்டம் விற்கிறார்களே?" விற்கிறார்கள். 2023 ஜனவரியில் அமெரிக்க மத்திய அரசு அம்பலப்படுத்திய 'ஆபரேஷன் நைட்டிங்கேல்' வழக்கில், 7,600க்கும் மேற்பட்ட போலி நர்சிங் சான்றிதழ்கள் கைமாறியது தெரியவந்தது. விற்றவை முகவரியும் பெயர்ப் பலகையும் கொண்ட ஃபுளோரிடா நர்சிங் பள்ளிகள். ஆன்லைன் என்றால் மோசடி, கட்டடம் என்றால் தரம் என்று நினைத்தவர்கள் இந்த வழக்கைப் படித்துப் பார்க்கலாம்.

கேலிக்குப் பின்னால் நியாயமான ஒரு கவலையும் உண்டு. நர்ஸாகாதவரை நர்ஸாக்கும் முதல் படிப்பைத் தொலைவிலிருந்து நடத்தினால் வார்டுப் பயிற்சி என்னாகும்? எக்ஸெல்சியர் என்ற அமெரிக்கக் கல்லூரி இந்தப் படிப்பைத் தொலைதூர முறையில் நடத்தியபோது, மேற்பார்வையுடன் கூடிய மருத்துவமனைப் பயிற்சி போதாது என்று, 2003 டிசம்பருக்குப் பின் அதில் சேர்ந்தவர்களைக் கலிஃபோர்னியா ஏற்கவில்லை. அது வேறு படிப்பு, வேறு மாணவர். இந்த வேறுபாடு இந்தியாவுக்கும் புதிதல்ல. ஜி.என்.எம். டிப்ளமோ முடித்துப் பதிவுபெற்று வேலை அனுபவமும் உள்ள நர்ஸ்களுக்குத்தான் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங்கைத் தொலைதூரக் கல்வியில் நடத்திவந்தது. அதிலும் செய்முறைப் பயிற்சி உண்டு.

ஆன்லைன் படிப்புகள் எல்லாம் ஒரே தரம் என்று யாரும் சொல்லவில்லை. அங்கீகாரம் இருக்கிறதா, களப்பயிற்சியை யார் மேற்பார்வை செய்கிறார்கள், கட்டுரையைத் திருத்தித் தர ஆள் இருக்கிறாரா என்று துருவிக் கேட்க வேண்டும். அதே துருவலை மருத்துவமனை நிர்வாகத்திடமும் காட்டலாம். பட்டதாரி நர்ஸ்களின் சதவீதத்தை விளம்பரத்தில் போடும் நிர்வாகம், அவர்களின் படிப்புக் கட்டணத்தில் எவ்வளவை ஏற்றுக்கொண்டது? தேர்வு வாரத்தில் டூட்டியை மாற்றித் தந்ததா? ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் எய்க்கன் குழு நடத்தி 2014இல் 'லான்செட்' வெளியிட்ட ஆய்வு, பட்டதாரிகள் 10 சதவீதம் கூடினால் இறப்பு வாய்ப்பு 7 சதவீதம் குறைவதைக் காட்டியது. ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால் அதே 7 சதவீதம் ஏறுவதையும் காட்டியது. கலிஃபோர்னியாவில் பொது வார்டு நர்ஸுக்கு ஐந்து நோயாளிகளுக்கு மேல் கொடுக்கச் சட்டம் இடம் தராது. அப்படிச் சட்டம் இல்லாத மாநிலத்தில், பட்டம் வாங்கிய நர்ஸிடம் ஆறாவது, ஏழாவது நோயாளியை ஒப்படைக்கும் மருத்துவமனை, அவர் எங்கே படித்தார் என்று ஆராய்வதற்கு முன் தன் ரோஸ்டரை எடுத்துப் பார்க்கட்டும்.