பாட்டும் பாடினவர் கதையும்

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், கே. பி. சுந்தராம்பாளின் இசைத்தட்டுக்களை உயிராகப் போற்றுகிறவர். அந்த அம்மையாரின் ஜீவிய சரித்திரத்தை மூன்றாம் முறையாக அவர் படித்துக் கொண்டிருக்கக் கண்டேன். "பாட்டெல்லாம் தங்களுக்கு மனப்பாடம். கதையும் தெரிந்ததுதானே! இன்னும் என்ன தேடுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டாமா, வாத்தியாரையா?" என்றார்.

நியாயமான கேள்விதான். 1908-ம் வருஷம் நம் கொங்கு நாட்டுக் கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் சுந்தராம்பாள். நாடக மேடையில் கிட்டப்பாவுக்கு ஈடாகப் பாடி, அவரையே மணந்தார். 1933-ல் கிட்டப்பா இளம் வயதிலேயே காலமானார். அதுமுதல், 1980-ல் தாம் மறையும் வரையில், அம்மையார் வெண்புடவையே உடுத்தினார். ஆடவருக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்று விரதம் பூண்டவர், 1935-ல் நந்தனாராக ஆண் வேஷத்திலேயே திரையில் தோன்றினார். அதற்குப் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய்!

அபிமானிகள் பலருக்கு இவ்வளவு போதும். தியாகப் பதுமையைக் கும்பிட்டுவிட்டுப் புத்தகத்தை மூடி விடுவார்கள். ஆனால் கிட்டப்பாவுக்கு முன்னமே மனைவி இருந்தாள். அவருக்குச் சுந்தராம்பாள் எழுதிய கடிதங்களில் அன்போடு கோபமும் மனத்தாங்கலும் உண்டு. அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் படிக்கிறவன் பாதி மனுஷியைத்தான் காண்கிறான்.

பெரியவர் அவற்றைத் தள்ளவில்லை. "முன்பெல்லாம் அந்தக் குரலில் கம்பீரம் ஒன்றுதான் தெரிந்தது. இப்பொழுது அதிலுள்ள வலியும் காதில் விழுகிறது" என்றார்.