பூனைக்குப் பந்தி வேண்டா

வெருகு என்றும் பூசை என்றும் பூனைக்குப் பழம்பெயர்கள் உள. வெருகின் இளமைப் பெயர் குட்டி என்று தொல்காப்பிய மரபியல் விதிக்கின்றது; வெருகினைப் பூசை என்று வழங்கும் வழக்கினையும் அவ்வியலே உடன்படுகின்றது. பெயரிடுதலில் இத்துணை நுணுக்கங் கண்ட மரபில் வந்த நாம், அவ்வுயிர்க்குச் சோறிடுதலில் யாதொரு நுணுக்கமுங் காண்கிலேம். இது நகைத்து விடத்தக்க சிறு பொருளன்று. வாயில்லா உயிர் ஒன்றன் வாழ்வு அதில் அடங்கியுள்ளது.

நம்மவர் வீடுகளில் நிகழ்வது யாது? ஒரு பூனை வந்து சேரும். சில காலத்தில் அது நான்காகும். நான்கிற்கும் தட்டு ஒன்றே. மதியம் எஞ்சிய சோற்றில் மீன்குழம்பை வார்த்துப் பிசைந்து, குசினி வாயிலில் வைத்து, ஒருங்கே அழைப்பர். நான்கும் தலையோடு தலை முட்டித் தின்னும். கண்டோர், "என்ன ஒற்றுமை!" என்று மகிழ்வர். அஃது ஒற்றுமை அன்று என்பதே எமது துணிபு.

என்னை? வீட்டுப்பூனையின் முன்னோர் ஆபிரிக்காவிலும் மேலை ஆசியாவிலும் திரியும் காட்டுப்பூனை இனத்தவை என்பதை 2007 ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி உறுதிப்படுத்திற்று. அக்காட்டுப்பூனை தனித்து வேட்டையாடித் தனித்து உண்பது. ஓநாயும் அதன் வழிவந்த நாயும் கூட்டமாய் இரை தேடும் மரபின, பூனை அம்மரபினதன்று. அதன் இரையும் சிறிது. ஒரு சுண்டெலி தரும் ஆற்றல் ஏறக்குறைய 30 கலோரி. நான்கு கிலோ நிறையுள்ள பூனைக்கு நாளொன்றுக்கு வேண்டுவது 200 முதல் 250 கலோரி. ஆகவே எட்டு எலியளவு உணவை எட்டு வேளையாகப் பகுத்துண்ணும்படி அமைந்த வயிறு அது. அத்தகைய உயிரை நாளைக்கு ஒருமுறை ஒரு தட்டின்முன் நால்வரோடு நிறுத்துதல் அதன் இயல்போடு மாறுகொள்வதாம்.

மாறுகொண்டவழி விளைவது யாது? கடுவன் முந்திக்கொண்டு அள்ளி விழுங்கும். விழுங்கிய விரைவிலே பாதியைக் கக்கும். அடுத்து வலிமையுடையது, செவியை மடித்துப் பக்கம் பார்த்துத் தின்னும். கூச்சமுடையதோ மதிலின்மேல் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும். ஏனையவை விலகிய பின் வந்து நக்குதற்குக் குழம்பின் கறையே எஞ்சும். கொழுத்தது மேலுங் கொழுக்கும். மெலிந்தது மேலும் மெலியும். சண்டையின்றி உண்கின்றனவே என்று கூறுவாருளர். பூனைகளிடத்துப் பகை பெரும்பாலும் ஓசையின்றி நிகழும். ஒன்று நோக்க மற்றொன்று ஒதுங்கும். ஒதுங்கியதை நாம் அடக்கம் என்று கொண்டுவிடுகின்றோம்.

பெருங்கேடு இனித்தான் உள்ளது. பூனை, அதிலும் கொழுத்த பூனை, இரண்டு மூன்று நாள் உண்ணாதொழியின் அதன் ஈரலிற் கொழுப்புப் படிந்து உயிர்க்கே இறுதி நேரலாம். தனித்தட்டு வைத்த வீட்டில், உண்ணாத பூனை எதுவென்பது முதல் நாளே தெரியும். பொதுத்தட்டு வைத்த வீட்டிலோ தட்டு நாடோறும் வெறுமையாகவே இருக்கும். வீட்டுக்காரர், எல்லாம் உண்டன என்று அமைவர். வெறுந்தட்டுச் சான்றாகாது. மூன்றன் பசியை அது காட்டும். நான்காவதன் நோயை மறைக்கும்.

செய்யத்தக்கது எளிது. பூனை நான்காயின் தட்டும் நான்காகுக. அவற்றை வரிசையாய் வைத்தலாற் பயனில்லை. ஒன்று உண்பதை மற்றொன்று காணாதபடி ஒன்றைத் திண்ணை மூலையிலும், ஒன்றைக் கிணற்றடியிலும், ஒன்றைக் கதவின் மறைவிலும், கூச்சமுடையதற்கு உயர்ந்ததோர் இடத்திலும் வைத்தல் வேண்டும். வேளை தவறாமற் காலையும் மாலையும், கூடுமாயின் நண்பகலும், சிறிது சிறிதாக இடுக. குட்டிகளுக்கு இன்னும் பலமுறை இடுக. அரைமணி நேரத்தில் எஞ்சியதை எடுத்துவிடுக. தண்ணீரை உணவுக்குச் சற்று அப்பால் வைக்க. நாம் உண்ண உட்காருமுன்னரே அவற்றுக்கு இட்டுவிடின், நம் இலையருகே வந்து கத்தும் வழக்கம் மெல்ல ஒழியும். பத்துமுறை விரட்டிப் பதினோராம்முறை மீன்முள் எறிவாரே பூனைக்கு இரத்தலைக் கற்பிக்கும் ஆசிரியர் ஆவர்.

தட்டில் இடும் பொருளைப் பற்றியும் ஒரு சொல். கம்பர் தம்மைப் பாற்கடலை நக்கப் புகுந்த பூனைக்கு ஒப்பிட்டார். அவர் கருதியது கடலின் பெருமையையும் தம் பணிவையும், பூனையின் வயிற்றையன்று. பால்குடி மறந்த பூனைகளுட் பலவற்றுக்குப் பாற்சர்க்கரை செரியாமல் வயிறு கழியும். குழம்பிலுள்ள வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதி அணுக்களை அழிப்பன. சோறு மட்டும் உண்டு பூனை வாழாது. ஊனிலும் மீனிலுமுள்ள தோரின் என்னும் பொருள் இல்லாவிடின் அதன் கண் கெடும் என்பது 1975 ஆம் ஆண்டிலும், இதயம் தளரும் என்பது 1987 ஆம் ஆண்டிலும் வெளிப்படுத்தப்பட்டன. ஆதலின் குழம்பு வைக்குமுன், உப்பும் உறைப்பும் சேராமல், சிறிது மீனை வேறாக அவித்து முள் நீக்கி இடுதல் நன்று.

"வயிறு நிறைந்த பூனை எலி பிடியாது" என்பார்க்கு ஒன்று கூறுவோம். பூனையிடத்து வேட்டை வேட்கை வேறு, பசி வேறு. உண்டுகொண்டிருக்கும் பூனையும் எலியைக் கண்டால் தட்டை விட்டுப் பாயும். பட்டினியால் அதன் திறம் மிகாது, உடலே நலியும். "மக்களுக்கே உணவு அரிதான காலத்திற் பூனைக்கு இத்துணை உபசாரமோ?" என்பாரும் உளர். யாம் மிகுதியாய் இடச் சொல்லவில்லை. இடுவதைப் பகுத்து இடவே சொல்லுகின்றோம். தட்டில்லையேல் நான்கு சிரட்டை போதும். சிரட்டைக்கு எவ்வீட்டிலும் பஞ்சமில்லை.

ஒருங்கிருந்து உண்ணுதல் மக்கட்குச் சிறந்த அறம். ஒரே பந்தியில் இருத்தல் வேண்டும் என்று நம் நாட்டிற் போராடியே பெற்றோம். அதன் அருமை நாம் அறிவோம். அதனாலேயே அதனைப் பூனைக்கும் நன்றெனக் கொள்ளுகின்றோம் போலும். ஆயின் பந்தியின் பயன் ஒருவரும் பசியோடு எழாமை அன்றோ? மக்கள் ஒரு பந்தியில் இருந்து அப்பயனை எய்துவர். பூனைகள் வேறுவேறு மூலையில் இருந்தே எய்தும். மாணவர்கள் தத்தம் வீட்டில் இதனை ஒரு கிழமை செய்து பார்க்க. மதிலின்மேல் இருப்பது இறங்கி வந்து உண்ணும்.