வளர்ச்சி வந்திருச்சாம்! உங்க வீட்டுக்கு வந்துச்சா?



நாடு இத்தனை சதவீதம் வளர்ந்துவிட்டது என்று தினமும் டி.வி.யில் சொல்கிறார்கள். கேட்கிறோம், ஒன்றும் விளங்கவில்லை. விளங்காமல் இருப்பதுதான் அவர்களுக்கு வசதி. நம்ம ஊர்க் கணக்கில் போட்டுப் பார்ப்போம்.

ஊரில் 100 வீடு. ஒரே ஒரு வீட்டுக்கு வருமானம் ஒரு கோடி கூடியது. மற்ற 99 வீட்டுக்கும் சல்லிக்காசு கூடவில்லை. சராசரி போட்டால் வீட்டுக்கு ஒரு லட்சம் உயர்வு! தனிநபர் வருமானம் உயர்ந்தது என்பதும் இந்த மாதிரி சராசரிதான்.

கடன் வாங்கி போர் போட்டோம். தண்ணி வரலை, புழுதிதான் பறந்தது. போர் வண்டிக்குக் கொடுத்த காசு நாட்டின் வளர்ச்சிக் கணக்கில் ஏறும். நம்ம தலையில் ஏறிய கடனை அந்தக் கணக்கில் யாரும் கழிப்பதில்லை. விடியுமுன் எழுந்து சோறாக்கி, பிள்ளை பார்க்கும் பெண்களின் பாடும் அதில் வராது.

சரி, நம்ம நிலைமை? 2018-19இல் அரசாங்கமே எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு சொல்கிறது: இந்தியாவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரில் கிடைத்தது 3,798. கூலி, சம்பளமாக வந்தது 4,063. உழுதவனுக்கு வயலைவிடக் கூலிதான் கஞ்சி ஊற்றுகிறது! பாதிக் குடும்பங்கள் கடனில். சராசரிக் கடன் 74,121 ரூபாய்.

இந்த நிலைமை ஏன்? விலையைப் பாருங்கள். 2025-26 காரீப் பருவத்துக்கு சாதாரண ரக நெல் குவிண்டாலுக்கு மத்திய அரசு அறிவித்தது 2,369 ரூபாய். "செலவு 1,579; அதற்கு மேல் பாதி லாபம் கொடுத்துவிட்டோம்" என்கிறார்கள். அந்தச் செலவில் விதை, உரம், ஆள்கூலி, வீட்டார் உழைப்பு எல்லாம் உண்டு. சொந்த நிலத்துக்கு வாடகை இல்லை. சொந்தமாகப் போட்ட முதலுக்கு வட்டி இல்லை. இவற்றையும் சேர்த்தால்தான் 'சி2' என்கிற முழுச் செலவு. டவுனில் சொந்தக் கட்டடத்தில் கடை வைத்தவர் வாடகையைக் கணக்கில் சேர்க்காமலா சரக்கு விற்கிறார்? நமக்கு மட்டும் ஏன் அரைக் கணக்கு?

உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் சேர்த்து விலை கொடு என்று எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் 2006இல் சொன்னது. 2024இல் அவருக்கு பாரத ரத்னா கொடுத்தார்கள். நமக்கு முழு விலை கொடுத்தார்களா?

விவசாயிகளே! இன்றே ஒரு நோட்டு போடுங்கள். உழவு முதல் மூட்டை தூக்கும் கூலி வரை எழுதுங்கள். களத்தில் நெல்லோடு காத்துக்கிடந்த நாளையும் எழுதுங்கள். அடுத்த கிராம சபையில் அந்தக் கணக்கை வையுங்கள், தீர்மானம் போடச் சொல்லுங்கள். நம்ம நோட்டில் மிச்சம் நின்றால்தான் அது வளர்ச்சி!

மத்திய அரசே!
* முழு உற்பத்திச் செலவுக்கு மேல் 50 சதவீதம் சேர்த்து விலை கொடு!
* அந்த விலைக்குச் சட்ட உத்தரவாதம் கொடு!
* சிறு, குறு விவசாயிகளின் கடனைத் தள்ளுபடி செய்!

அணி திரள்வீர்! நோட்டோடு வாரீர்!

— விவசாயிகள் சங்கம்