மலைச்சாலைக்குத் தனிக் கணக்கு

ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைகள் நெருங்கும்போது சிங்கப்பூர்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரே கேள்வி எழும்: "காரை எடுத்துக்கொண்டு கேமரன் மலைக்குப் போய் வரலாமா?" உடனே கைப்பேசிகள் வெளிவரும். தேயிலைத் தோட்டம், ஸ்ட்ராபெரிப் பண்ணை, தேனீப் பண்ணை, இரவுச் சந்தை எனப் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் நீளும். பிறகு விடுதிக்கு முன்பதிவு நடக்கும். "எத்தனை மணிக்குப் புறப்படுவது, எந்தச் சாலையில் ஏறுவது?" என்ற கேள்வி கடைசியாகத்தான் வரும். சில வீடுகளில் அது வருவதே இல்லை. வழிகாட்டும் செயலி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள்.

இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். மலைப்பயணத்தின் திட்டம் இடங்களிலிருந்து தொடங்கக் கூடாது. சாலையிலிருந்து தொடங்க வேண்டும். எத்தனை இடங்களைப் பார்க்கலாம் என்பதைச் சாலையும் வானிலையும் பகல் வெளிச்சமும் தீர்மானிக்கட்டும். அப்படித் தீட்டிய திட்டமே குடும்பத்தைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்கும். பயணத்தின் இன்பத்தையும் அதுவே காக்கும்.

இதைத் தனியாக வலியுறுத்தக் காரணம் உண்டு. சிங்கப்பூரின் மிக உயரமான இடமான புக்கிட் தீமா குன்றின் உயரம் ஏறத்தாழ 163 மீட்டர்தான். தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இங்கே வாகனம் ஓட்டிப் பழகியவர்களுக்கு 60 கிலோமீட்டர் என்பது விரைவுச்சாலையில் ஒரு மணி நேரத்திற்கும் குறைவான ஓட்டம். ஆனால், பேராக் மாநிலத்தின் தாப்பா நகரிலிருந்து கேமரன் மலையின் தானா ராத்தாவுக்குச் செல்லும் சாலையும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான். அந்தத் தொலைவுக்குள் அது கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்திற்கு ஏறுகிறது. வளைவுக்குப் பின் வளைவாகச் செல்லும் அந்தச் சாலையில் நிதானமாக ஏற ஒன்றரை மணி நேரத்திற்கு மேலாகும். முன்னே ஒரு சுமையுந்து சென்றால் இரண்டு மணி நேரமும் ஆகலாம். சமவெளியில் கிலோமீட்டரால் அளக்கும் வழக்கம் மலையில் செல்லாது.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு குடும்பம் வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குப் புறப்படுகிறது. விடுமுறைக் காலத்தில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியையும் ஜொகூர்க் கடற்பாலத்தையும் கடக்க இரண்டு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். அங்கிருந்து வடக்கு-தெற்கு விரைவுச்சாலை வழியாகத் தாப்பா வரை ஏறத்தாழ 500 கிலோமீட்டர். இடையில் உணவுக்கும் ஓய்வுக்கும் நின்றால் ஆறு மணி நேரம். ஆக, தாப்பாவை அடையும்போது அதிகாலை 2 மணி. நாள் முழுவதும் வேலை பார்த்துவிட்டு, எட்டு மணி நேரம் காரில் இருந்த ஒருவர், விளக்கு இல்லாத சாலையில், மூடுபனியினூடே, தமக்குப் பழக்கமில்லாத வளைவுகளில் அப்போதுதான் ஏறத் தொடங்குவார். பயணத்தின் மிகக் கடினமான பகுதியை மிகவும் களைத்த வேளைக்கு ஒதுக்குவது திட்டமிடல் ஆகாது.

அதே குடும்பம் முதல் இரவை ஈப்போவிலோ தாப்பாவுக்கு அருகிலுள்ள ஓர் ஊரிலோ கழித்துவிட்டு, மறுநாள் காலை உணவுக்குப் பிறகு மலையேறினால் எல்லாம் மாறிவிடும். ஓட்டுநரின் கண்கள் தெளிவாக இருக்கும். லாத்தா இஸ்கண்டார் அருவியைப் பகலில் பார்க்கலாம். ஓராங் அஸ்லி பழங்குடியினர் சாலையோரக் கடைகளில் விற்கும் பொருள்களையும் பார்த்துச் செல்லலாம். மலைப்பகுதிகளில் பிற்பகலில்தான் மழை அடிக்கடி வலுக்கும். ஆதலால், நண்பகலுக்குள் மேலே சென்றுவிடுவது நல்லது. இதற்காக ஒரு நாள் கூடுதலாகத் தேவைப்படும். அந்த ஒரு நாள் கிடைக்காது என்றால், மலைப்பயணத்தை இன்னொரு விடுமுறைக்குத் தள்ளிவைப்பதே நேர்மையான முடிவு.

எந்த விடுமுறை என்பதும் முக்கியம். சிங்கப்பூர் மாணவர்களுக்கு மிக நீண்ட விடுமுறை நவம்பர், டிசம்பர் மாதங்களில் வருகிறது. கேமரன் மலையில் அது மழைக்காலம். கனமழையில் நனைந்த மலைச்சரிவுகள் சரிந்து சாலையை மூடுவதுண்டு. 2014 நவம்பரில் ரிங்லெட், பெர்த்தாம் பள்ளத்தாக்குப் பகுதிகளில் ஏற்பட்ட சேற்று வெள்ளமும் நிலச்சரிவும் உயிர்களைப் பறித்தன. காடுகளை அழித்து மலைச்சரிவுகளில் பண்ணைகளைப் பெருக்கியதும் மழைநீர் மண்ணை வாரிக்கொண்டு ஓடக் காரணம் என்று அப்போது பலரும் சுட்டிக்காட்டினர். ஆண்டிறுதியில் போகவே கூடாது என்பதில்லை. ஆனால், ஜூன் மாதப் பயணத்திற்கும் டிசம்பர் மாதப் பயணத்திற்கும் ஒரே திட்டம் பொருந்தாது. மழைக்காலத்தில் செல்வோர் புறப்படும் நாளன்றும் வானிலை அறிக்கையையும் சாலை நிலவரத்தையும் பார்க்க வேண்டும். ஒரு நாள் தங்க நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே எண்ணிவைக்க வேண்டும்.

அடுத்தது, சாலையைத் தேர்ந்தெடுப்பது. தாப்பா வழியாகச் செல்லும் பழைய சாலை குறுகலானது, வளைவுகள் மிகுந்தது. ஈப்போவுக்கு அருகிலுள்ள சிம்பாங் பூலாய் வழியாகச் செல்லும் புதிய சாலை அகலமானது, வளைவுகள் குறைந்தது. ஆனால், சிங்கப்பூரிலிருந்து செல்வோருக்கு அது சுற்றுவழி. குமட்டலால் அவதிப்படும் சிறுவர்களோ முதியவர்களோ காரில் இருந்தால் சுற்றுவழியே நேர்வழி. தேக்காவில் இஞ்சி மிட்டாய் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது நல்லதுதான். ஆயினும், சரியான சாலையைத் தேர்ந்தெடுப்பது அதைவிடச் சிறந்த மருந்து.

அகலமான சாலை என்பதால் அதில் ஆபத்து இல்லை என்று எண்ணிவிடவும் கூடாது. 2010 டிசம்பரில் தாய்லாந்துச் சுற்றுப்பயணிகள் சென்ற பேருந்து ஒன்று சிம்பாங் பூலாய்ச் சாலையில் விபத்துக்குள்ளாகி, 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலையில் ஏறுவதைவிட இறங்குவதே கடினம். இறக்கம் முழுவதும் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறித் தன் பிடியை இழக்கும். குறைந்த கியரில், இயந்திரத்தின் இழுவையாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தி இறங்க வேண்டும். தானியங்கிக் காரிலும் அதற்கு வழி உண்டு. சிங்கப்பூரில் பல ஆண்டுகள் ஓட்டியவருக்கும் இதைச் செய்யத் தேவை ஏற்பட்டிருக்காது. ஆகவே, பிரேக், டயர், முன்விளக்கு ஆகியவற்றைப் பட்டறையில் சரிபார்ப்பதும் குறைந்த கியரை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டறிவதும் புறப்படும் முன் முடிக்க வேண்டிய வேலைகள்.

எல்லையைக் கடப்பதற்குரிய விதிகள் பலருக்கும் தெரிந்தவையே. சிங்கப்பூரில் பதிவான கார் நாட்டைவிட்டு வெளியேறும்போது அதன் எரிபொருள் கலனில் முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும். மீறினால் 500 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். மலேசியாவுக்குள் நுழைய அந்நாட்டின் வாகன நுழைவு அனுமதி தேவை. 2025 ஜூலை 1 முதல், அது இல்லாத வாகனங்களுக்கு 300 ரிங்கிட் அபராதம் விதிக்கப்படுகிறது. இவற்றை மறந்தால் பணம்தான் போகும். மலைச்சாலையின் விதிகளை மறந்தால் வேறு எதுவும் போகலாம்.

இடங்களின் பட்டியலையும் சற்றுப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் ஏழெட்டு இடங்களைப் பார்க்க விரும்புவோர், வார இறுதியில் தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்கிற்கும் இடையே ஏற்படும் நெரிசலில் பாதி நாளைக் கழிப்பார்கள். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்திற்குச் செல்லும் பாதையில் எதிரே கார் வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் வழிவிட வேண்டும். அங்கே அவசரத்திற்கு இடமில்லை. காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம் என்பதே மலைக்கு ஏற்ற வேகம்.

மற்றோர் உண்மையையும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. காரில் இருப்பவர்களில் இயற்கைக் காட்சியை மிகக் குறைவாகக் காண்பவர் ஓட்டுநர்தான். பின்னிருக்கையில் இருப்பவர்கள் "அதோ பாருங்கள்!" என்று கூவும்போது, அவர் கண்கள் சாலையில் இருக்க வேண்டும். ஆகவே, எங்கே நிறுத்துவது என்பதை முன்பே குறித்துவைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகும். நிறுத்துவதற்கென்று ஒதுக்கிய இடத்தில் நின்று, அவரும் இறங்கி, அதே பசுமையைக் காணட்டும். வளைவில் காரை நிறுத்திப் படமெடுப்பது பின்னால் வருவோரின் உயிருக்கு ஆபத்தை விளைவிக்கும்.

இங்கேதான் மாணவர்களுக்கும் வேலை இருக்கிறது. கார் ஓட்டும் வயது வரவில்லை என்பதால் அவர்கள் வெறும் பயணிகள் அல்லர். நிலப்படத்தைக் கற்றவர்கள் அவர்கள். கைப்பேசியைத் திறம்படக் கையாளத் தெரிந்தவர்களும் அவர்களே. மலையில் சில இடங்களில் கைப்பேசித் தொடர்பு கிடைக்காது என்பதால் நிலப்படத்தை முன்பே பதிவிறக்கிவைக்கலாம். எரிபொருள் நிரப்பும் இடங்களையும் ஓய்விடங்களையும் குறித்துவைக்கலாம். அம்மாவோ அப்பாவோ இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டினால், "சற்று நிறுத்துங்கள்" என்று சொல்லும் பொறுப்பையும் ஏற்கலாம். பொருளடக்கம் எழுதும் கவனத்தோடு ஒரு பயணத் திட்டத்தையும் எழுதினால், வகுப்பறையில் கற்றது வீட்டுக்குப் பயன்படும்.

மலைச்சாலை சுற்றுப்பயணிகளுக்காக மட்டும் போடப்பட்டதன்று. கேமரன் மலை என்ற பெயர், 1885இல் அப்பகுதியை ஆய்ந்த வில்லியம் கேமரன் என்பவரை நினைவூட்டுகிறது. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. காட்டை வெட்டித் தேயிலை நட்டுக் கொழுந்து பறித்தவர்களுள் தென்னிந்தியாவிலிருந்து சென்ற தமிழர்கள் பலர். இன்று படமெடுக்க அழகாகத் தெரியும் அந்தப் பச்சைச் சரிவு, அன்றும் இன்றும் உழைப்பவர்களின் பணியிடம். அங்கே விளையும் கீரையும் தக்காளியும் முட்டைக்கோசும் சுமையுந்துகளில் இறங்கிச் சிங்கப்பூர்ச் சந்தைகளுக்கும் வருகின்றன. முன்னே மெதுவாகச் செல்லும் சுமையுந்தைப் பார்த்து எரிச்சலடைபவர், அடுத்த வாரம் தம் வீட்டுச் சமையலறைக்கு வரப்போகும் காய்கறி அதில் இருக்கலாம் என்று எண்ணினால் பொறுமை தானாக வரும்.

இவ்வளவு திட்டமிட்டால் பயணத்தின் சுவை போய்விடாதா என்று சிலர் கேட்பார்கள். எதிர்பாராமல் கிடைக்கும் இன்பமே பயணத்தின் உயிர் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால், நேரம் மிச்சமிருப்பவருக்குத்தான் எதிர்பாராத இன்பம் கிட்டும். இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று பதறுபவர், வழியில் பழுத்துத் தொங்கும் பழத்தைக்கூடப் பார்க்கமாட்டார். வழிகாட்டும் செயலியே போதும் என்போரும் உண்டு. செயலி பாதையைக் காட்டும். போய்ச்சேரும் நேரத்தையும் சொல்லும். ஆனால், ஓட்டுபவர் களைத்திருக்கிறாரா, பாட்டிக்குக் குமட்டுகிறதா என்பது அதற்குத் தெரியாது. வேறு சிலர், இவ்வளவு தொல்லை எதற்கு, பேருந்தில் போகலாமே என்பர். மலையில் ஓட்டத் தயக்கம் உள்ள குடும்பத்துக்கு அது நல்ல வழிதான். தமக்கு இயலாததை ஒப்புக்கொள்வதும் திட்டத்தில் ஒரு பகுதியே.

திட்டத்தில் கடைசியாக எழுத வேண்டிய வரி ஒன்று உண்டு. எந்த நிலையில் திரும்பிவிடுவது? மலையடிவாரத்தை அடையும்போது மணி ஐந்தைத் தாண்டினால், மழை ஓயாமல் கொட்டினால், ஓட்டுபவர் களைத்துப்போனால் அன்றிரவு கீழேயே தங்குவது என்று வீட்டிலேயே பேசி முடிவெடுத்துவிட வேண்டும். அடிவாரத்தில் நின்றுகொண்டு முடிவெடுத்தால், விடுதிக்குக் கட்டிய பணமும் பிள்ளைகளின் ஏமாற்றமும் சேர்ந்து மேலே போகவே தூண்டும். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இன்று ஏறாத மலை நாளையும் அங்கேயேதான் இருக்கும். காரில் இருக்கும் அனைவரும் நாளை அதைக் காண வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை கணக்கும்.