லுபாங்கில் செத்த சனத்தின் பெயர் என்ன?

'கடைசிவரை விசுவாசமாக நின்ற வீரன்' என்று ஹிரோ ஒனோடாவின்ர படத்தைப் போட்டு எழுதுகிற பதிவுகளை நீங்களும் கண்டிருப்பீங்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்து ஏறக்குறைய 29 வருசம் பிலிப்பைன்சின் லுபாங் தீவுக் காட்டுக்குள் துவக்கோடு ஒளித்திருந்த யப்பானிய அதிகாரி. வாசிக்கிறவைக்குப் புல்லரிக்கும். எனக்கு ஒரு கேள்விதான்: அந்தக் காட்டுக்கு வெளியில இருந்த சனத்துக்கு என்ன நடந்தது?

லுபாங் ஆளில்லாத தீவு இல்லை. அங்கே நெல் விதைத்து, மாடு வளர்த்து வாழ்ந்த சனம் இருந்தது. ஒனோடாவும் கூட நின்றவர்களும் அவர்களுடைய மாடுகளைச் சுட்டுத் தின்றார்கள். அறுத்துக் குவித்த நெல்லுக்கு நெருப்பு வைத்தார்கள். தாங்கள் இன்னும் நிற்கிறோம் என்று தங்கட படைக்குக் காட்டுகிற சைகையாம்! இவர்களின் கையால் கொல்லப்பட்ட தீவுவாசிகள் ஏறக்குறைய 30 பேர். அதில ஒரு ஆளின்ர பெயராவது எங்களுக்குத் தெரியுமோ?

"பாவம், போர் முடிஞ்சது அவருக்குத் தெரியாது" என்று சொல்லுவீனம். 1945 இலேயே துண்டுப்பிரசுரம் கையில் கிடைத்தது. 1952 இல் வீட்டாரின் கடிதங்களையும் படங்களையும் விமானத்திலிருந்து போட்டார்கள். எல்லாம் எதிரியின்ர தந்திரம் என்றார். பிறகு ஒரு ட்ரான்சிஸ்டர் றேடியோவும் கிடைத்தது. அதில யப்பான் குதிரைப் பந்தயத்தைக் கேட்டுக் கூட்டாளியோட பந்தயம் கட்டினவர். செய்தி வராமல் இல்லை, வந்த செய்தியை ஏற்க மனம் வரேல்லை. ஒன்றாக நின்ற நாலு பேரில அகாட்சு என்பவர் விலகிப்போய் 1950 இல் சரணடைந்தார். அதே காடு, அதே பிரசுரம்தானே?

கடைசியில் 1974 மார்ச்சில் பழைய மேலதிகாரி தனிகுச்சி வந்து ஆணையை வாசித்த பிறகுதான் ஒனோடா துவக்கைக் கீழே வைத்தார். தனிகுச்சி அப்போது புத்தகம் விற்றுக்கொண்டிருந்தவர். இதையோ நாங்கள் கொள்கை எண்டுறது? கொள்கை என்றால் தானே யோசித்துப் பிடிக்கிறது. யோசிக்கிற வேலையை இன்னொரு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் திரும்பி வரும்வரை ஆக்களைச் சுட்டுக்கொண்டிருப்பதற்கு வேற பெயர் இருக்கு. ஒனோடாவுக்கு சனாதிபதி மார்க்கோஸ் மன்னிப்புக் கொடுத்தார். ஆனால் உறவுகளைப் பறிகொடுத்தது மார்க்கோஸ் இல்லை.

விசுவாசத்துக்கு அந்த அரசு என்ன விலை வைத்திருந்தது என்றும் பாருங்கோ. அதே 1974 டிசம்பரில் இந்தோனேசியாவின் மொரொட்டாய் தீவில் தெருவோ நகமுரா பிடிபட்டார். அவர் யப்பானியர் இல்லை. யப்பான் ஆண்ட தைவானின் அமிஸ் பழங்குடி மனிதர். அவரும் ஒனோடா அளவுக்கு ஒளித்திருந்தவர்தான். ஒனோடாவுக்கு நாடு திரண்டு வரவேற்பு. நகமுராவுக்கு, காலனிப் படையாள் என்பதால் ஓய்வூதியம் இல்லை; முதலில் நீட்டியது வெறும் 68,000 யென். பொதுமக்கள் கோபப்பட்டுக் காசு சேர்த்த பிறகுதான் தொகை கூடியது. இதுதான் விசுவாசம் கேட்கிற அரசுகளின்ர கணக்கு.

ஒனோடா ஒரு போர் இயந்திரத்தால் வளைக்கப்பட்ட இளைஞன் என்று இரங்குங்கோ, நானும் இரங்குவன். ஆனால் அவரைப் பின்பற்றச் சொல்லாதீங்கோ. அடுத்த தரம் அந்தப் படத்தைப் பகிர முதல், எரிகிற நெல்லுக்குப் பக்கத்தில நின்ற கமக்காரனை ஒருக்கால் நினையுங்கோ. அவனுக்குப் போர் முடிந்தது 1945 இல் இல்லை, 1974 இல்.