படகின் நெற்றியில் யார் எழுதுவது?

வடமராட்சிக் கரையில் இழுத்து வைத்திருக்கும் படகுகளின் அணியத்தைப் பாருங்கள். ஓ.எவ்.ஆர்.பி. என்று தொடங்கி, சில இலக்கங்களைக் கடந்து, ஜே.எவ்.என். என்று முடியும் ஒரு தொடர் எழுதப்பட்டிருக்கும். முன்னது வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகு என்பதைச் சொல்கிறது. பின்னது யாழ்ப்பாண மாவட்டத்தைச் சொல்கிறது. ஊரின் பெயர் படகில் இருக்கிறது. அதை எழுதும் அதிகாரந்தான் ஊரில் இல்லை.

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டத்தின்படி மீன்பிடிப் படகுகள் மத்திய அரசின் திணைக்களத்திலேயே பதியப்படவேண்டும். யாழ்ப்பாணத்தில் மாவட்ட அலுவலகம் உண்டு. ஆனால் அது கொழும்பின் கிளை. மாகாணத்துக்கு இதில் கையெழுத்தும் இல்லை, குரலும் இல்லை.

பதிவு வெறும் சாயம் அல்ல. மானியம், நட்டஈடு, கடன், காப்புறுதி என்று எதற்குப் போனாலும் முதலில் கேட்கப்படுவது அந்த இலக்கந்தான். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்தபோது, மானியம் என்பது சிறு படகுக்காரருக்குக் கடலுக்குப் போவதா, வீட்டில் இருப்பதா என்ற கேள்வியாகிவிட்டது.

அமெரிக்காவில் உல்லாசப் படகு வைத்திருப்பவருக்கு ஒரு தெரிவு உண்டு. படகு 5 நிகர தொன்னுக்குக் குறையாததாயின் அவர் மத்திய அரசின் கரையோரக் காவற்படையிடம் ஆவணம் பெறலாம். இல்லையேல் தம் மாநிலத்தில் பதிந்து இலக்கம் பெறலாம். முன்னது நாட்டுரிமைக்குச் சான்று. அந்நியத் துறைமுகத்திலும் வங்கி ஈட்டிலும் கைகொடுப்பது. பின்னது உள்ளூர் ஓட்டத்துக்குப் போதுமானது. அங்கேயும் 5 தொன்னுக்கு மேற்பட்ட மீன்பிடிக் கலத்துக்கு மத்திய ஆவணம் கட்டாயமே. எந்தப் படகு எவ்வளவு தூரம் போகிறதோ, அதற்கேற்ற ஏடு என்பதே இந்த ஏற்பாட்டின் சாரம்.

தமிழகத்தில் வேறொரு வழி. அங்கு மீன்பிடிப் படகின் பதிவு மத்திய சட்டத்தின்கீழ் நடக்கிறது. ஆனால் பதிவதோ மாநில மீன்வளத்துறை அதிகாரிகள். சட்டம் டில்லியினுடையது, மேசை சென்னையினுடையது.

நமக்கு இது எட்டாத கனியன்று. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஆட்புலக் கடலுக்கு அப்பாலான மீன்பிடியை மத்திக்கு ஒதுக்கிவிட்டு, ஏனைய கடற்றொழிலை இரு தரப்புக்கும் பொதுவான ஒருங்கிய நிரலில் வைத்திருக்கிறது. கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் காலையில் போய் மாலையில் திரும்பும் படகை மாகாணம் பதியட்டும். ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் கலத்தை மத்தி பதியட்டும். இடையில் நிற்பவர் தமக்கு ஏற்றதைத் தெரிந்துகொள்ளட்டும். இரு மேசைகளிலும் எழுதப்படுவது ஒரே பொதுப் பதிவேட்டில் சேரட்டும்.

பாதுகாப்புக் கெட்டுவிடும் என்பார்கள். கடத்தல் மெய்யான கவலைதான். ஆனால் எந்தப் படகு யாருடையது என்பதைத் தூரத்து அலுவலகத்தை விட நன்றாக அறிந்தது அந்தக் கரையின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். அதன் வாயைக் கேட்டு எழுதும் ஏடு பாதுகாப்பை வலுப்படுத்துமே தவிரக் குலைக்காது.

குறை நம் பக்கத்திலும் உண்டு. கிடைத்த ஐந்தாண்டிலும் வட மாகாண சபை இந்த இடைவெளியை நிரப்பவில்லை. 2018 ஒக்டோபரில் அதன் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. தீர்மானங்கள் நிறைவேற்றிய நேரத்தில் ஒரு பங்கைப் படகுகளுக்கு ஒதுக்கியிருக்கலாம்.

வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ 1930களில் ஓர் அமெரிக்கரிடம் விலைபோய், வேறு பெயர் சூடி, நம்மவர் மாலுமிகளாக இருக்க, 1938இல் மசாசூசெற்ஸ் கரையை அடைந்தது. பெயர் மாறினாலும் அது வல்வைக் கப்பல் என்று நாம் இன்றும் பெருமை பேசுகிறோம். அந்தப் பெருமை போதும். இன்று கரையில் கிடக்கும் சிறு படகுக்கு வேண்டியது, அதன் இலக்கத்தை எழுதும் மேசையில் அந்தக் கரைக்கும் ஓர் ஆசனம்.