பத்து ரூபாய் ஓட்டை

வேலைக்குச் சேர்ந்த பையன் முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுத்துக் கொடுப்பது பழைய வழக்கம். இப்போது புடவை முடிந்த மறு மாதமே தவணையில் ஒரு காமிரா வந்துவிடுகிறது. அது வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்குள் பையன் போய் நிற்கிற இடம் காசிமேடு. ஏலத்தில் வஞ்சிரத்துக்கு விலை கேட்கிறவர்களுக்கு நடுவே, அதற்குப் படம் பிடிக்கிறவர்களும் நெருக்கியடித்து நிற்கிறார்கள். வஞ்சிரம் யாருக்கும் சிரிப்பதில்லை.

எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸில் இருக்கும் தம்பி இந்த ரகம். ராயபுரத்துக்காரர். "சார், காலைல நாலு மணிக்குப் போய் நூறு படம் எடுத்தேன். நூறும் ஆடிப்போச்சு. இருபத்தாறு வயசுல கை நடுங்குமா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

கை நடுங்கவில்லை தம்பி, ஓட்டை போதவில்லை.

காமிராவோடு இலவசம் மாதிரி வருகிற 18-55 ஜூம் லென்ஸை 50-க்குப் பக்கத்தில் இழுத்தால், அது திறக்கிற அதிகபட்ச அளவு எஃப் 5.6. இதென்ன நம்பர் என்று பயப்பட வேண்டாம். ஐந்தாம் கிளாஸ் வகுத்தல்தான். 50-ஐ 5.6-ஆல் வகுத்தால் சுமார் 9. அதாவது வெளிச்சம் நுழையும் ஓட்டையின் குறுக்களவு 9 மில்லிமீட்டர். சட்டைக் காலர் பட்டன் சைஸ். அதே 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 28. நம் பத்து ரூபாய் நாணயத்தின் அகலம் 27. பட்டன் சைஸ் ஓட்டைக்கும் பத்து ரூபாய் சைஸ் ஓட்டைக்கும் பரப்பளவில் ஒன்பதரை மடங்குக்கு மேல் வித்தியாசம். ஜூம் லென்ஸுக்கு ஒரு செகண்டில் பத்தில் ஒரு பங்கு தேவைப்படுகிற இருட்டில், 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸுக்கு நூற்றில் ஒரு பங்கு போதும். பத்தில் ஒரு பங்கு நேரத்தில் ஏலக்காரர் இரண்டு விரலை மடக்கிவிடுவார். நூற்றில் ஒரு பங்கில் பாவம், ஒன்றும் செய்ய முடியாது. ஷட்டர் வேகத்துக்கு வழிவிடுவதால்தான் இதற்கு 'ஃபாஸ்ட்' லென்ஸ் என்று பெயர். 'ப்ரைம்' என்றால் பிரதம மந்திரி மாதிரி பெரிய பதவி ஒன்றும் இல்லை. ஜூம் ஆகாது, அவ்வளவுதான்.

"போன்லயும் 1.8-னு போட்டிருக்கே சார்?" என்பார்கள். போட்டிருக்கும். ஆனால் போனின் மெயின் லென்ஸுக்கு நிஜமான குவியத் தூரம் ஆறேழு மில்லிமீட்டர்தான். வகுத்துப் பாருங்கள். கடுகைவிடப் பெரிசு, மிளகைவிடச் சிறிசு. மீதியை உள்ளே இருக்கும் சாஃப்ட்வேர் ஊகித்து நிரப்புகிறது. சில சமயம் காதையும் சேர்த்து அழித்துவிடுகிறது.

இந்த ஓட்டைப் பைத்தியம் புதிசல்ல. 1924-ல் ஜெர்மனியில் எர்மனாக்ஸ் என்ற காமிரா எஃப் 2 லென்ஸோடு வந்தது. அப்புறம் 1.8. அதை வைத்துக்கொண்டு எரிக் சாலமன் என்பவர் மாநாட்டு மண்டபங்களில் தூங்கி வழியும் ராஜதந்திரிகளை ஃப்ளாஷ் இல்லாமலே பிடித்தார். 1975-ல் வந்த 'பாரி லிண்டன்' படத்தின் மெழுகுவர்த்திக் காட்சிகளுக்காக ஸ்டான்லி குப்ரிக் தேடிப் பிடித்தது, நாசாவுக்கென்று ஸைஸ் கம்பெனி செய்த 50 எம்.எம். எஃப் 0.7. அதன் ஓட்டை ஏழு சென்டிமீட்டர். ஏறக்குறைய காபி டம்ளர் வாய். நம் ஊரில் இருட்டையும் ரசிக்கலாம் என்று பி.சி.ஸ்ரீராம் 1987-ல் 'நாயகன்' மூலம் சொல்லிக் கொடுத்தபோது, தியேட்டரில் ஆபரேட்டரைத் திட்டியவர்களும் இருந்தார்கள்.

காசிமேட்டில் ஃப்ளாஷ் ஏன் கூடாது என்பதை அங்கே மீன் விற்கிற ஒரு அம்மா என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னார். பளிச்சென்று அடித்த ஒரு இளைஞனிடம், "இன்னா நைனா, மூஞ்சில லைட் அடிக்கிற? துட்டு எண்ணிக்கினு கீறேன்ல. கணக்கு வுட்டுப்போனா நீயா குடுப்ப?" நியாயமான கேள்வி. பையனிடம் பதில் இல்லை.

தம்பி லென்ஸ் வாங்கிவிட்டார். முதல் பாடம், ஜூம் இல்லாததால் காலால்தான் ஜூம் செய்ய வேண்டும். சாதாரண டி.எஸ்.எல்.ஆரில் தலையும் தோளும் நிரம்ப வேண்டுமானால் ஒன்றரை மீட்டர் நெருங்கணும். அந்தத் தூரத்தில் திருட்டுத்தனமாக எடுக்க முடியாது. "யாருப்பா நீ, எந்த ஏரியா?" என்று கேட்பார்கள், பதில் சொல்லியாக வேண்டும். இந்த லென்ஸின் பெரிய குறையும் பெரிய குணமும் இதுதான்.

இரண்டாவது பாடம், அந்தத் தூரத்தில் 1.8-ல் துல்லியமாக விழுகிற ஆழம் சுமார் ஆறு சென்டிமீட்டர். கண் ஷார்ப்பாக இருந்தால் காது இருக்காது. எனவே ஃபோகஸ் புள்ளி ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு, அருகே இருக்கிற கண்ணில் நிறுத்தவும். மூக்கில் நிறுத்தினால் மூக்குத்திக்கு விளம்பரம் எடுத்த மாதிரி ஆகும்.

மூன்றாவது பாடத்தை எண்ணூர் நடத்தியது. ஒரு திங்கட்கிழமை, தம்பி ஒரு படத்தைக் காட்டினார். வலை பின்னுகிற ஒரு பெரியவர். முகச்சுருக்கம் ஒவ்வொன்றும் எண்ணலாம். பின்னால் எல்லாம் வெண்ணெய் மாதிரிக் கரைந்து போயிருந்தது.

"பிரமாதம். எங்கே எடுத்தது?"

"எண்ணூர் சார். முகத்துவாரத்துக்கிட்ட."

"எண்ணூர் எங்கே?"

"பின்னாடி இருக்கு சார்."

"காணோமே."

தம்பி படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

அந்தப் பெரியவருக்குப் பின்னால் இருப்பது வடசென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். சாம்பல் படிந்த கொசஸ்தலை ஆறு. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது, பக்கெட்டில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து இதே கழிமுகத்தில் படிந்தது. படகும் வலையும் கறுத்துப்போய், மீனவர்களே இறங்கி மறுபடி அள்ளினார்கள். அந்த மாதக் கடைசியில் உரத் தொழிற்சாலைக்கு வந்த குழாயில் அமோனியா கசிந்து, நடுராத்திரியில் ஜனங்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். இத்தனையையும் எஃப் 1.8 அழகாகத் துடைத்துவிடுகிறது. மிச்சம் இருப்பது ஒரு நல்ல முகம். ராமேஸ்வரத்தில் எடுத்தேன் என்றாலும் நம்பலாம், ஆப்பிரிக்காவில் என்றாலும் நம்பலாம். அந்த முகம் ஏன் அப்படிச் சுருங்கியது என்பது மட்டும் படத்தில் இல்லை.

பகலில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. அப்போது எஃப் 8 வைத்து, இன்னும் நாலடி பின்னால் வந்தால், முகமும் இருக்கும், புகைபோக்கியும் அடையாளம் தெரியும். இருட்டில் ஓட்டையைத் திறப்பது தேவை. வெளிச்சத்திலும் திறந்தே வைத்திருந்தால், ஊரைப் பார்க்க இஷ்டமில்லை என்று அர்த்தம். நான் சொல்வது, இரண்டு படமும் எடுங்கள். ஒன்று பெரியவர் வீட்டுச் சுவருக்கு, இன்னொன்று நமக்கு.

பழனி குமார் என்ற புகைப்படக்காரரின் படங்களைப் பாருங்கள். மலக்குழி மரணங்களைச் சொன்ன 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். சாய்நாத் 2014-ல் தொடங்கிய 'பாரி' இணையதளத்தில் பணிபுரிகிறவர். அவருடைய அம்மா மதுரையில் மீன் விற்றவர். அம்மாவை அவர் எடுத்த படங்களில் அழகு இருக்கிறது, கூடவே மார்க்கெட்டும் இருக்கிறது. அந்த நெருக்கம் எந்தக் கடையிலும் தவணையில் கிடைக்காது.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். செகண்ட் ஹாண்டில் நிக்கான் பழைய 'டி' லென்ஸ் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதில் மோட்டார் கிடையாது. 3000, 5000 வரிசை காமிராக்களில் தானாக ஃபோகஸ் ஆகாது. துறைமுக வளாகத்துக்குள் அனுமதியில்லாமல் காமிராவைத் தூக்கினால், ஃபோகஸ் ஆவதற்குள் விசில் சத்தம் கேட்கும். நிதானமாக எடுக்க ஆசையிருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தில் போங்கள். விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலை பின்னுகிறவர்களுக்குப் பேச நேரம் இருக்கும். வருமானம் இல்லாத நாட்கள் என்பதை மனசில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கடைசியாக, யாரை எடுத்தாலும் அடுத்த வாரம் ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுங்கள். செலவு ஒரு டீயும் பிஸ்கட்டும்தான். லென்ஸ் தவணையோடு அதையும் சேர்த்துக் கணக்கு போட்டுக்கொள்ளவும்.